சாவி வாங்கியாச்சு

வீடு தேடுவதில் இத்தனை குஷி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கல்யாணமாகி நீலகிரி மலையில் அருவங்காட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்கு ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்தான். குவார்ட்டர்ஸ்காரர்கள் வீடு தேட மாட்டார்கள். சீனியாரிட்டிப்படி முறை வரும்போது ஆபீஸில் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பார்கள். சாவி கைக்கு வந்துவிட்டால் வீடு நம்முடையது. அதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்த்த ஆள்கூட எங்கள் லைனில் கிடையாது. பார்த்துத்தான் என்ன ஆகப்போகிறது, பிடிக்கவில்லை என்றால் வேறு கொடுக்கவா போகிறார்கள்? சாவி வாங்கியதும் அடுத்து வரும் நல்ல நேரத்தில் பால் காய்ச்சுவோம். லைனே வந்து குடித்துவிட்டுப் போகும். வாடகை என்பது இவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற ஏதோ ஒன்று. அட்வான்ஸ், அக்ரிமென்ட், புரோக்கர் எல்லாம் ஊருக்குள் இருக்கிறவர்கள் பாடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதக் கடைசியில் இவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. பொள்ளாச்சியில் இவருடைய அண்ணன் தன் வீட்டு மாடிப் போர்ஷனை எங்களுக்காகவே காலியாகப் போட்டு வைத்திருந்தார். வாடகை வேண்டாம், கரண்ட் பில் மட்டும் கட்டினால் போதும் என்று அவர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மகள் அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போக இருந்தாள், பள்ளிக்கூடம் குன்னூரில். அவளை மட்டும் ஹாஸ்டலில் போட்டுவிட்டு நாங்கள் இறங்கிவிடுவது என்பது அண்ணன் தம்பி இருவரும் போனிலேயே பேசி முடித்த திட்டம்.

எனக்கு அதில் துளிக்கூட இஷ்டமில்லை. சமவெளியில் இரண்டு நாள் இருந்தால் எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டுவிடும் என்பது நான் வெளியே சொன்ன காரணம். உள்காரணம் வேறு. அந்த மாடியில் இருந்தால் ஃபேன் போடுவதற்குக்கூட ஓரகத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இருபத்தைந்து வருஷம் குளிரில் என் இஷ்டத்துக்கு வாழ்ந்தவள் நான். பெண்ணை விட்டுவிட்டு அங்கே போய் யாருடைய மாடியிலோ பவ்யமாகக் காபி குடிக்க என்னால் ஆகாது. இதை இவரிடம் ஒருநாள் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

இவர் அண்ணன் பேச்சைத் தட்டாதவர். என்னைப் பெண் பார்க்க வந்ததே அண்ணன்தான். இவர் இரண்டாம் முறைதான் வந்தார், அதுவும் அண்ணனுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொண்டு. ஆனால் நான் கத்தினால் பதில் கத்தவும் மாட்டார். ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கொண்டே ஒரு கெடு வைத்தார்.

"தேடோணும்னா தேடிக்க. சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள நம்ம கைக்கு ஊடு வந்தா சரி. இல்லீன்னா மறு பேச்சு இல்லாம கீழ எறங்கீறலாம்."

சித்திரை பிறந்து சீசன் வந்துவிட்டால் ஊட்டி, குன்னூர் முழுக்க டூரிஸ்ட் நிற்பார்கள். அப்புறம் வாடகைக்கு வீடு என்று கேட்டால் கதவைக்கூடத் திறக்க மாட்டார்கள். அது இவருக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கெடு. எனக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது உற்சாகம். மறுநாள் காலையில் ஃபேக்டரி சங்கு ஊதும்போது நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன்.

பழைய காலத்தில் குன்னூரில் வீட்டுக்காரர்கள்தான் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். டு-லெட் போர்டு மழையில் நனைந்து எழுத்து கரைந்து போகும் வரைக்கும் கேட்டில் தொங்கும். குவார்ட்டர்ஸ் கிடைக்காத ஃபேக்டரி ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று மார்க்கெட்டில் நம் பையைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள். நான் அந்த ஊரை மனசில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இறங்கிய பிறகுதான் ஊர் மாறியிருப்பது தெரிந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நாள் வாடகை கொடுத்து மாதக்கணக்கில் தங்கியவர்கள் வீட்டுக்காரர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டை மாதத்துக்கு விடுவதைவிட நாளுக்கு விட்டால் லாபம். அவ்வளவுதான், இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு ஹோம்ஸ்டே. முன்பு நான் வத்தல் காயப்போட இடம் கேட்டுப் போன ஒரு வீட்டுக்கு இப்போது இங்கிலீஷில் ஒரு பெயர், வாசலில் மரப்பலகை, பலகைக்கு ஒரு குட்டி லைட்.

டு-லெட் போர்டு என்ற சாமானே ஊரில் இல்லை. எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில். மகள் இரண்டு குரூப்பில் சேர்ந்துகொண்டு எனக்கு ரன்னிங் கமென்டரி கொடுத்தாள். வெலிங்டன் பக்கம் ஒன்று வந்திருக்கிறது என்று பஸ் ஏறுவேன், இறங்குவதற்குள் போய்விட்டது என்று போன் வரும். எனக்கு அது சூதாட்டம் மாதிரி பிடித்துப்போனது. மூன்று நாள் என்னோடு நடந்த இவர், நாலாம் நாள் முழங்காலைத் தடவிக்கொண்டு கழன்றுகொண்டார். நான் தினமும் போனேன். மேடு ஏறி, படி இறங்கி, யார் யார் வீட்டு நாய்களிடமோ பழகி, சாயங்காலம் வந்து கன்னம் சிவக்கச் சிவக்க இருவருக்கும் கதை சொல்வேன். இத்தனை நாள் இந்த மலையில் ஒரே ஒரு தெருவில்தான் வாழ்ந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

வாடகை எதை வைத்து ஏறுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. எங்களைப் போன்றவர்கள் வீடு பார்த்தால் முதலில் வெயில் விழுமா என்று கேட்போம். ஆடி மாதம் துணி காய வேண்டாமா? இப்போது வருகிறவர்கள் ஜன்னலிலிருந்து மிஸ்ட், அதாவது மூடுபனி, தெரியுமா என்று கேட்கிறார்களாம். குளிருக்குப் பயந்து நாம் சாக்கு அடைத்து மூடி வைக்கிற ஜன்னலுக்கு அவர்கள் தனியாகக் காசு கொடுக்கிறார்கள். ஒரு புரோக்கர் என்னை ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போய், சமையலறையைக் காட்டாமல் நேராக ஜன்னலைத் திறந்து, "வியூ பாருங்க" என்றார். நான் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டேன். அவர் மறுபடியும் வியூ பாருங்க என்றார். இன்னொரு வீட்டில் சாயங்காலமானால் காட்டெருமை கேட்டுக்கு வந்து நிற்கும் என்று பெருமையாகச் சொன்னார்கள். எங்கள் காலத்தில் அதைச் சொன்னால் வாடகையைக் குறைத்துக் கேட்போம். இப்போது அதற்கும் சேர்த்து வாங்குகிறார்கள்.

கேள்வி கேட்பதும் தலைகீழாகிவிட்டது. வீடு பார்க்கப் போனவளை வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். லாங் ஸ்டேவா, ஷார்ட் ஸ்டேவா என்றார் ஒருவர். இருபத்தைந்து வருஷமாக இங்கேதான் ஸ்டே என்றேன், அவர் சிரிக்கவில்லை. கார் இருக்கிறதா, கறி சமைப்பீர்களா, சொந்தக்காரர்கள் வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள் என்று ஒரு அம்மா கேட்டுக்கொண்டே போனார். என் வாய் சும்மா இருக்குமா? உங்கள் வீட்டுக்கு மருமகளாக வரவில்லைங்க, வாடகைக்குத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வீடு அதோடு போனது. நல்ல வீடு அது, கிழக்குப் பார்த்த வாசல்.

பலரும் ஒரே கணக்கைத்தான் கடைசியில் வந்து வைத்தார்கள். பத்து மாதம் நீங்கள் இருங்கள், சித்திரை வைகாசி இரண்டு மாதம் காலி செய்து கொடுங்கள், சீசன் முடிந்ததும் திரும்ப வாருங்கள். அந்த இரண்டு மாதம் கட்டிலும் பீரோவுமாக நாங்கள் எங்கே போவது என்று கேட்டால், சொந்த ஊர் இல்லையா என்றார்கள். பொள்ளாச்சி மாடி என் கண்முன்னால் வந்து நிற்கும். பங்குனி பிறந்துவிட்டது. இவர் அட்டைப்பெட்டி சேகரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு நாளும் வரும்போது கூடத்தில் ஒரு பெட்டி கூடியிருக்கும். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், மறுநாள் இன்னும் சீக்கிரம் பஸ் ஏறுவேன்.

அப்படி ஒரு நாள் குன்னூரிலிருந்து மினிபஸ்ஸில் வரும்போதுதான் அது நடந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு படுகப் பெண்கள். அவர்கள் பாஷை எனக்குப் பேச வராது, ஆனால் கேட்டால் முழுக்கப் புரியும். லைனில் எங்கள் பக்கத்து வீட்டில் பத்து வருஷம் ஒரு படுகக் குடும்பம்தான் இருந்தது. ஒருத்தி மற்றவளிடம் தேயிலைத் தோட்டத்து ஓரம் இருக்கிற தன் வீடு மாசி மாதத்திலிருந்து சும்மா கிடக்கிறது என்றும், மகனுக்கு அதைப் பற்றி யோசித்து முடிக்க நேரமில்லை என்றும் அலுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர்கள் இறங்கிய ஸ்டாப்பில் நானும் இறங்கினேன். அது என்ன ஊர் என்றுகூடப் பார்க்கவில்லை.

பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, அக்கா என்று கூப்பிட்டேன். அவள் திரும்பி, என்னங்க அக்கா என்றாள். இருவருக்கும் ஒரே வயசுதான் இருக்கும். யாரும் தங்கச்சியாக இறங்கி வருவதாக இல்லை, இன்று வரைக்கும் அப்படியேதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். பஸ்ஸில் ஒட்டுக் கேட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு, கூட இரண்டு பேரை வைத்துக்கொண்டு தானே பறிப்பவள். அந்த நேரம் பார்த்து இலை எடுக்கும் லாரி வந்து ஹாரன் அடித்தது. மூட்டைகளை எடை போட ஓட வேண்டும். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்து, கீழே தெரிந்த ஓட்டு வீட்டைக் கைகாட்டிச் சொன்னாள்.

"போய்ப் பாருங்க அக்கா. சாவி உங்க கைல இருக்கட்டும், நாளைக்குக் காலைல நானே அங்க வர்றேன். பேசிக்கலாம்."

என் காதில் விழுந்தது சாவி உங்கள் கையில் இருக்கட்டும் என்பது மட்டும்தான். பேசிக்கலாம் என்றதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. குவார்ட்டர்ஸிலும் சாவி கொடுத்த பிறகு யாராவது வந்து, குழாய் ஒழுகுகிறதா, ஓடு உடைந்திருக்கிறதா என்று பேசிவிட்டுப் போவதுதானே?

வீட்டைத் திறந்தேன். முன்னால் இரண்டு அறை, பின்னால் சமையலறையும் அதை ஒட்டி ஓர் அறையும். பூட்டிக் கிடந்த வீட்டுக்குரிய ஈர வாடை இல்லை. சமையலறை ஜன்னல் வழியாக வெயில் வந்து மேடை முழுக்கப் படுத்திருந்தது. வெளியே கொடி கட்ட இரண்டு கம்பம் தயாராக நின்றது. குழாயைத் திருகினால் தண்ணீர் சீறியது. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, இந்த வயசில், அந்தக் காலி அறையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். பாட்டுக்கூடப் பாடினேன். அங்கிருந்து மகள் ஸ்கூலுக்கு நேர் பஸ்.

ஓட்டமும் நடையுமாகக் குவார்ட்டர்ஸ் வந்து சேர்ந்து, இவர் முகத்துக்கு நேரே சாவியை ஆட்டினேன். சாவி வாங்கியாச்சு என்றேன். வேறு எந்த ஊர் ஆணாக இருந்தாலும் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று கேட்டிருப்பார். இவர் முப்பத்தைந்து வருஷம் ஃபேக்டரியில் இருந்தவர். சாவியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் காலண்டரைப் பார்த்து, நாளைக்குக் காலையிலேயே நல்ல நேரம் இருக்கிறது என்றார். முகத்தில் சின்ன ஏமாற்றம் இருந்ததா என்று நான் கவனித்தேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பக்கத்து வீட்டுக்குச் சொன்னேன். அரை மணியில் லைனுக்கே தெரிந்துவிட்டது. அவர்களில் ஒருத்தராவது கேட்டிருக்கலாமே? எல்லோரும் குவார்ட்டர்ஸ் ஜனம்! எங்கே சாவியைக் காட்டு என்று வாங்கிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஒரு ஜீப்பில் ஆறேழு பெண்கள், புது விளக்குமாறு, உப்பு, மஞ்சள், சாமி படம், சிங்கிள் பர்னர் அடுப்பு, புதுப் பால் பாத்திரம். இவர் மாவிலைக்குக் குன்னூர் மார்க்கெட்டில் அலைந்து, கீழேயிருந்து வந்த வாடிய கொத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் கட்டினார். மகள் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது எல்லோரும் சேர்ந்து குலவை போட்டதில், தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

டம்ளர்களில் பாலை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். கூடவே அவளுடைய மகன், பெங்களூரில் வேலை பார்ப்பவன். இன்னொருவன் மகனுடைய சிநேகிதன், போனை நீட்டிப் பிடித்து, இறங்கும்போதே மலையை வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான். அந்த வீடியோவில் முதலில் மலை, அப்புறம் தேயிலை, அப்புறம் மாவிலை, அப்புறம் பால் டம்ளரோடு நான். அவன் போனை இறக்கினான்.

நான் முகமெல்லாம் பல்லாக, வாங்க அக்கா, சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்று முதல் டம்ளரை அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. மகன்தான் பேசினான். கோபமாக இல்லை, அதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. வீடு பார்ப்பதற்குத்தானே சாவி கொடுத்தது, இந்த வீட்டைச் சீசனுக்கு முன்னால் ஹோம்ஸ்டே ஆக்கப்போகிறோம், இந்தச் சிநேகிதன்தான் அதை எடுத்து நடத்துவதற்காகப் பார்க்க வந்திருக்கிறான், அம்மாவுக்கு நேற்று ராத்திரிதான் நான் சொன்னேன் என்றான்.

 முதலில் சண்டைக்குத்தான் போனேன். சாவி கொடுத்தால் வீடு கொடுத்ததாகத்தானே அர்த்தம் என்று குரலை உயர்த்தினேன். என் வாயிலிருந்து வந்த பிறகு அது என் காதிலேயே விழுந்தது. மகனும் சிநேகிதனும் விழித்தார்கள். எங்கள் லைன் பெண்கள் மட்டும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உலகத்தில் இந்தச் சட்டம் இந்த ஆறேழு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று. முகம் தீயாகச் சுட்டது. பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. இவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மாவிலையை அவிழ்க்க ஆரம்பித்தார். அந்தக் கை மெதுவாக அவிழ்த்ததைப் பார்த்தேன். பொள்ளாச்சிக்குப் போக இவருக்கு இஷ்டம் என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்தேன். அவிழ்க்கிற ஆள் முகம் அப்படி இல்லை.

அக்கா மகனிடம் அவர்கள் பாஷையில் பேச ஆரம்பித்தாள். எனக்குப் புரியும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் மறைக்காமல் பேசினாள். போன சீசனில் மேல் வீட்டை ஹோம்ஸ்டேக்கு விட்டார்களே, விடிய விடிய ஸ்பீக்கர் அலறியது உனக்குத் தெரியாது, நீ பெங்களூரில் தூங்கினாய். பாட்டிலை உடைத்துத் தேயிலைக்குள் வீசினார்கள். செடிக்கடியில் கையை விட்டுக் கண்ணாடியைப் பொறுக்கியது யார், நீயா? பால் காய்ச்சின வீட்டிலிருந்து இவர்களை வெளியே போகச் சொல்ல எனக்கு வாய் வராது, வேண்டுமானால் நீயே சொல்லு. மகன் பதிலுக்குக் கணக்குச் சொன்னான். ஒரு சீசனில் வருவதை ஒரு வருஷ வாடகை தருமா, தேயிலை விலை இருக்கிற இருப்பில் வீடும் சும்மா போனால் நீ எதை வைத்துச் சாப்பிடுவாய் என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். அக்கா டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குள் ஏதோ கிளம்பியது. இவரைக் கேட்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. தெருத் தெருவாக அலைந்தபோது கேட்ட அத்தனை கணக்கும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வரிசையாக வந்து நின்றது. நேராக அக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

"சீசனுக்கு நாங்க காலி பண்ண மாட்டோங்க அக்கா. முன்னாடி ரெண்டு ரூமையும் வர்றவங்களுக்கு உட்டர்றோம். நாங்க மூணு பேரும் பின்னாடி ரூம்ல முடங்கிக்கறோம். சமைச்சுப் போடறது, கூட்டறது, சத்தம் போட்டா அதட்டறது எல்லாம் எம்பொறுப்பு. அந்த ரெண்டு மாசம் வர்றது உங்களுக்கு, மீதி மாசம் எங்க வாடகை உங்களுக்கு. ஒரு பாட்டிலு தேயிலைக்குள்ள உழுந்துச்சுன்னா என்னைக் கேளுங்க."

மகன் சிநேகிதனைப் பார்த்தான். சிநேகிதன் என்னைப் பார்த்தான். சமையல் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டான். நான் பட்டியல் போடவில்லை, பாலைக் கொடுத்தேன். ஏலக்காய் தட்டிப் போட்ட பால். குடித்துவிட்டு, எடுத்து நடத்துவதென்றால் தானும் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும் என்று மகனிடம் முணுமுணுத்தான். இருவரும் கார்ப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் பேசினார்கள். அந்தக் கொஞ்ச நேரம் லைன் பெண்கள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எங்கள் லைன் வரலாற்றில் அது முதல் தடவையாக இருக்கும்.

திரும்பி வந்த மகன் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றான். பெருக்கல் போடாமல் சரி சொல்கிற ஆள் இல்லை அவன். மனசுக்குள் போட்டுப் பார்த்திருப்பான். அக்கா டம்ளரில் இருந்ததை ஒரே மடக்கில் குடித்தாள். ஆறிப் போய் ஆடை கட்டிய பால். குடித்துவிட்டு ஸ்டூலில் நின்ற இவரைப் பார்த்து, எதற்கு அவிழ்க்கிறீர்கள், கட்டுங்கள் என்றாள். மறுபடியும் குலவை. இந்த முறை தோட்டத்திலிருந்தும் பதிலுக்கு ஒரு குரல் வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் சிநேகிதன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு மகள் முன் அறையில் படுத்துக்கொண்டு ஹோம்ஸ்டேக்குப் பெயர் யோசித்தாள். நான் அடுப்பில் வழிந்த பாலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இவர் பின் வாசலில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டார். எனக்குக் கை நின்றுவிட்டது. இவர் எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மட்டும் இங்கே இருக்கிறோம், புள்ளை படிப்பு முடியட்டும், அப்புறம் வந்துவிடுகிறோம், மாடி இருக்கட்டும் என்பார். அப்படிச் சொன்னால் தப்பில்லை என்றுதான் நானும் நினைத்தேன். எத்தனை வீட்டுக்காரர்களிடம் எதிர்த்துப் பேசினேன், எத்தனை வீட்டை வேண்டாம் என்று வந்தேன்! அந்தத் தைரியம் எல்லாம் பொள்ளாச்சியில் வாடகை இல்லாத ஒரு மாடி இருக்கிறது என்பதால் வந்த தைரியம். அந்த மாடியைத் திட்டிக்கொண்டே அதன் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இவர் ஸ்வெட்டர் பட்டனைத் திருகவில்லை. தேயிலையைப் பார்த்துக்கொண்டு, மரியாதையாக, ஒரே மூச்சில் சொன்னார்.

"நாங்க வரலீங்கண்ணா. இங்கயே இருந்துக்கறோம். மாடிய வாடகைக்கு உட்டுருங்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் கொஞ்ச நேரம் உம் கொட்டினார். இல்லீங்கண்ணா, யோசிச்சுத்தான் சொல்றேன் என்றார். போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.  ஒரு வருஷம் பார்க்கலாம் என்றுதானே அந்தப் பையன் சொன்னான்? அடுத்த பங்குனியில் போ என்றால் எங்கே போவது? வீடு தேடிய இத்தனை நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. அத்தனை பெரிய முடிவை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டீர்களே என்று கேட்டேன்.

"நீ மட்டும் என்னையக் கேட்டயா புள்ள?" என்றார். சொல்லிவிட்டு, குளிர் காலத்துக்கு முன்னால் பின் அறை ஜன்னலை எப்படி அடைப்பது என்று அளந்து பார்க்கப் போனார்.